சார்ஜர் லாயத்துல இருக்குது கண்ணு

"அப்பாரு, என்ற சார்ஜரைப் பாத்தீங்களா?"

ஞாயித்துக்கெழமை காத்தால பேரன் வூடு முச்சூடும் தேடிட்டு வந்து கேட்டான். நான் திண்ணையில உக்காந்து வெத்தலைக் காம்பைக் கிள்ளிக்கிட்டு இருந்தேன். "லாயத்துல பாரு கண்ணு. தண்ணி காட்டிக் கட்டியிருக்கும்"ன்னேன்.

முழிச்சான். பையன் கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிக்கு இங்கிலீசுல எழுதிக் குடுக்கற உத்தியோகம் பாக்கறான். சோப்புக்கும் எழுதுவான், சொட்டுநீர்க் குழாய்க்கும் எழுதுவான். அந்தப் பாஷையை வித்துத் தின்னறவனுக்கு, சார்ஜர்ங்கறது சண்டையில பட்டாளத்து ஆபீசர் ஏறிப் போற குதிரைன்னு தெரியல. எதிரி மேல பாயறதும் சார்ஜ், சரக்கு ஏத்தறதும் சார்ஜ். குதிரை பாய்ஞ்சுது, இவன் டப்பா கரண்டு ஏத்துது. ரெண்டுக்கும் ஒரே பேரு.

"போங்கப்பாரு, எனக்குக் கால் வரும்"ன்னான். "கால் வந்தா வரட்டும், குதிரைக்கு நாலு கால். உக்காரு சித்த நேரம்"ன்னு துண்டைத் தட்டிப் போட்டேன். பேத்தி முறுக்குத் தட்டோட வந்து தூணுல சாஞ்சுக்கிட்டா.

எட்டாங்கிளாசுக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு நீங்க கேக்கலாம். 1965 வாக்குல வூட்டுல கோவிச்சுக்கிட்டு மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறுனவன் நானு. ஊட்டியில எறங்கி, ரேஸ் குதிரைங்களுக்குச் சைஸ் வேலைக்குச் சேந்துட்டேன். சைஸ்ன்னா குதிரையைத் தேச்சு, லத்தி அள்ளி, காலுக்குப் பட்டி கட்டி, கயித்தைப் பிடிச்சு நடத்தறவன். மூணு சீசன் பாத்தேன். இங்கிலீசுல எனக்குத் தெரிஞ்சது அம்புட்டும் அந்த லாயத்துல காதுல விழுந்ததுதான்.

மொத நாளே மானம் போச்சு. டிரெய்னர் துரை "கிரேயைக் கொண்டா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கிரேன்னா சாம்பல்னு பள்ளிக்கூடத்துல படிச்ச ஞாபகம். லாயத்துல இருபது குதிரை நிக்குது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூணு தரம் நடந்தேன். செம்பட்டை இருக்குது, காப்பிக்கொட்டை நெறம் இருக்குது, பாலாட்ட வெள்ளை ஒண்ணு இருக்குது. சாம்பலைக் காணோம். ஓடியாந்து, "சாம்பல் குதிரையை எவனோ ஓட்டிட்டுப் போயிட்டானுங்க"ன்னு கத்திட்டேன்.

பெரிய சைஸ் என்ற காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி அந்த வெள்ளைக் குதிரை முன்னால நிறுத்துனாரு. "இதுதாண்டா கிரே." நான் நம்பல. ஒரு பக்கெட்டுத் தண்ணியை அது முதுகுல ஊத்தித் தேய்க்கச் சொன்னாரு. நனைஞ்ச மயிரு படிஞ்சதும் அடியில தோலு தெரிஞ்சுது பாருங்க, அடுப்புக்கரியாட்ட. பொறக்கறப்ப அது கருப்பாவோ செவப்பாவோதான் பொறக்குமாம். வருசம் ஏற ஏற நரைச்சு வெளுத்துப் போகுமாம். தோலே வெளுப்பாப் பொறந்ததைத்தான் வெள்ளைக் குதிரைன்னு ஒத்துக்குவாங்களாம். அது ஆயிரத்துல ஒண்ணு. மத்ததெல்லாம் நரை விழுந்த கேசு. மீசைக்கு மை தடவிக்கிட்டுப் பொண்ணு பாக்கப் போன எங்கூர் ஆளுக ரெண்டு பேரு அப்ப என்ற கண்ணு முன்னால வந்தாங்க.

அதுக்கப்பறம் நெறத்தை ஒழுங்காப் படிச்சேன். ஒடம்பு பழுப்பா இருந்து, பிடரி, வாலு, முழங்காலுக்குக் கீழ கருப்பா இருந்தா அது பே. பேய் இல்ல, பே. ஒடம்பும் பிடரியும் ஒரே செம்பட்டையா இருந்தாச் செஸ்நட். இந்தச் செஸ்நட்டு இருக்குதே, அது ஒரு மரத்துக் கொட்டை. அந்த நெறத்துக் குதிரைக்கும் அதே பேரு. குதிரையோட காலுக்கு உள்பக்கம் காய்ப்புக் காய்ச்சாப்பல கொம்பாட்ட ஒண்ணு இருக்கும், அதுக்கும் அதே பேரு. சொல்லிச் சொல்லிப் புளிச்சுப் போன கதைக்கும் அதே பேரு. குளம்புக்கு அடியில மெத்துனு முக்கோணமா ஒரு சதை. அதுக்குத் தவளைன்னு பேரு வச்சிருக்கறான். "ஃப்ராக்கைச் சுத்தம் பண்ணியா?"ன்னு துரை கேட்டப்ப, நான் தண்ணித் தொட்டிக்குள்ள எட்டிப் பாத்தேன்.

நெறம் முடிஞ்சா சாதகம். ரேஸ் புக்குல குதிரைப் பேருக்குப் பக்கத்துல பி.எஃப்.னு இருக்கும், சி.எச்.சி.ன்னு இருக்கும், ஜி.ஆர்.ஜி.ன்னு இருக்கும். முன்னெழுத்து நெறம், கடைசி எழுத்து வயசும் வகையும். நாலு வயசு முடியற வரைக்கும் ஆணு கோல்ட், பொண்ணு பில்லி. அஞ்சு பொறந்துட்டாப் பொண்ணு மேர், ஆணு ஹார்ஸ். காயடிச்சதுக்கு எந்த வயசுலயும் கெல்டிங். "கேட்டுக்க கண்ணு, ஹார்ஸ்ன்னா குதிரைன்னு நீ ஒண்ணாம் வகுப்புல படிச்சே பாரு, அது ரேஸ் புக்குல செல்லாது. அங்க ஹார்ஸ்ன்னா அஞ்சு வயசு ஆன, காயடிக்காத ஆண் குதிரை மட்டும்." நான் மொத நாளு தேடுன கிரே அப்படிப்பட்டதுதான். ஜி.ஆர்.எச்.

"ஸ்டாலியன்?"ன்னு கேட்டான் பேரன். பையனுக்கு இப்பத்தான் ருசி தட்டுது.

"ஸ்டால்ன்னா கொட்டில். ஓட விடாம, வண்டியில பூட்டாம, குட்டி போட வைக்கறதுக்குன்னே கொட்டில்ல கட்டி வச்சுத் தீனி போடற குதிரை. உன்ற கூட்டாளி ஒருத்தன் பனியன்ல ஸ்டாலியன்னு எழுதிக்கிட்டு ஜிம்முக்குப் போறானே, அவங்கிட்டச் சொல்லு, கொட்டில்ல கட்டிப் போட்டதுன்னு அர்த்தம்னு."

இந்த வயசுக் கணக்குலயும் ஒரு தில்லுமுல்லு இருக்குது. ரேஸ் குதிரை எந்த மாசம் பொறந்தாலும் சரி, ஜனவரி 1 வந்தா எல்லாத்துக்கும் ஒட்டுக்கா ஒரு வயசு ஏறிரும். டிசம்பர்ல பொறந்த குட்டி பாவம், பால்குடி மறக்கறதுக்குள்ள ஒரு வயசு. நம்மூர்ல என்ற வயசு ஆளுக முக்காவாசிப் பேரு ஜூன் மாசம் பொறந்தவங்க. வாத்தியாரு காதைத் தொடச் சொல்லி, கை எட்டுனதும் ஒரு தேதியைப் போட்டுக்கிட்டாரு. குதிரைக்கும் எங்களுக்கும் ஒரே வாத்தியாரு போலிருக்குது.

ஒரு பந்தயம் கூட ஜெயிக்காத குதிரைக்கு மெய்டன்னு பேரு. மெய்டன்ன்னா கன்னிப்பொண்ணு. ஆறு வயசு, ஆம்பளை, கனைச்சா ஊட்டியே அதிரும். ஜெயிக்கலைன்னா அதுவும் கன்னிதான். பேரன் இதுவரைக்கும் நாலு பரீட்சை எழுதி நாலும் கைவிட்டுப் போனவன். அவன் முறுக்கை மென்னுக்கிட்டே வேற பக்கம் திரும்பிக்கிட்டான். நான் ஒண்ணும் சொல்லல.

மட்டக்குதிரைக்கு வருவோம். குதிரை உசரத்தைக் கையால அளக்கறது அவங்க வழக்கம். ஒரு கைன்னா நாலு அங்குலம். முதுகு மேடு பதினாலு கையும் ரெண்டு அங்குலமும் தாண்டலைன்னா அது போனி. சுமாரா 147 சென்டிமீட்டர். ஆனாப் போலோ ஆடற குதிரை எத்தனை உசரம் ஆனாலும் போனிதான். லண்டன்ல பேச்சு வழக்குல இருபத்தஞ்சு பவுனுக்கும் போனின்னு சொல்லுவாங்க. நம்ம மளிகைக் கடைக்காரரு காத்தால மொத யாவாரத்துக்குச் சொல்ற போணிக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஊட்டி ஏரிக்கரையில பிள்ளைகளை ஏத்திக்கிட்டுச் சுத்தற போனிக்காரனுக்கு மட்டும் ரெண்டும் ஒட்டுக்கா நடக்கும்.

ஊட்டியில இருந்து வந்தப்பறம் நானும் ஒரு மட்டக்குதிரை வாங்குனேன். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடி நோம்பிக்குக் குதிரைச் சந்தை கூடும். அங்க தரகன் துண்டைப் போத்தி, அடியில விரலைப் பிடிச்சு வெலை பேசி முடிச்சான். ஜட்காவுல பூட்டி ஒம்பது வருசம் ஓட்டுனேன். பின்னால சாளையில என்ற கட்டில் கெடக்குதே, அங்கதான் அதைக் கட்டி வச்சிருந்தேன். இப்பப் பேப்பர்க்காரங்க எம்எல்ஏக்களை வாங்கி விக்கறதுக்குக் குதிரை பேரம்னு எழுதறாங்க. அதுவும் இங்கிலீசுல இருந்து எறக்குமதி ஆன பேச்சு. என்ற மட்டத்துக்கு அது அவமானம். துண்டுக்கு அடியில ஒருக்கா வெலை முடிஞ்சா அது அந்த வண்டியிலதான் நிக்கும். ராத்திரி பக்கத்து லாயத்துக்குப் போகாது.

"சரி, இப்ப உன்ற பொழப்புக்கு வருவோம் கண்ணு"ன்னேன். பேத்தி சிரிப்பை அடக்கிக்கிட்டுத் தட்டைக் கீழ வச்சா.

லண்டனுக்குக் கெழக்க ஹாக்னின்னு ஒரு ஊரு. இப்ப லண்டனுக்குள்ளயே அடங்கிப் போச்சு. அந்தக் காலத்துல புல்லுக்காடு. அங்க மேஞ்ச சாதாரணச் சவாரிக் குதிரைக்கு அந்த ஊருப் பேரே நின்னுருச்சுன்னு சொல்லுவாங்க. ரொம்ப வேகமும் இல்ல, ரொம்ப மோசமும் இல்ல. அதனால வாடகைக்கு வுட்டாங்க. காசு குடுத்தவன் எவனா இருந்தாலும் ஏறலாம். வாடகை வண்டிக்கும் அதே பேரு வந்துச்சு. லண்டன் டாக்சிக்குச் சட்டப் புத்தகத்துல இன்னிக்கும் ஹாக்னி கேரேஜ்னுதான் பேரு. கண்டவன் ஏறி ஏறி முதுகு தேஞ்சு போன குதிரையாட்ட, கண்டவன் சொல்லிச் சொல்லித் தேஞ்சு போன பேச்சுக்கு ஹாக்னிட்னு வச்சாங்க. ஹாக்னியைச் சுருக்கி ஹாக்னு ஆக்குனாங்க. அப்பறம் காசு குடுத்தா எதைப் பத்தி வேணாலும் எழுதித் தர்ற எழுத்தாளனுக்கு ஹாக்னு பேரு வந்துச்சு.

பேரன் முகம் சுண்டிப் போச்சு. "அது கம்ப்யூட்டர்ல பூந்து திருடற ஹேக்கரு இல்லீங்களா?"ன்னு சமாளிச்சான்.

"எழுத்து ஒண்ணுதான், வமிசம் வேற. அது வெட்டறதுங்கற சொல்லுல இருந்து வந்தது. நீ குதிரை வமிசம், பயப்படாத."

பாவமாப் போச்சு. அதனால இன்னொண்ணும் சொன்னேன். எங்க துரை காத்தால பனியில, ரேஸ் குதிரைங்க ஓடறதைப் பாக்க ஒரு ஹாக் மேல ஏறித்தான் வருவாரு. கோடிப் பவுன் குதிரை ஒரு சீசன் ஓடிக் காலை ஒடிச்சுக்கிட்டுப் போகும். அந்த ஹாக்கு ஒரு நாளும் லீவு போட்டதில்ல, ஒரு நாளும் தீனி தவறுனதில்ல. "சோப்பைப் பத்தி எழுது கண்ணு. ஆனா எழுதறப்ப நேத்து எவன் ஏறுன முதுகுன்னு பாத்துக்க. 'புரட்சிகரமான சோப்பு'ன்னு போன வாரம் எழுதியிருந்தே. அந்த வார்த்தைக்கு முதுகுல தோலே இல்ல."

"எனக்கே சலிச்சுப் போச்சுங்கப்பாரு. ஐ யாம் ஜேடட்"ன்னான்.

வசமா வந்து மாட்டுனான். ஜேடுன்னா வேலை செஞ்சு ஓஞ்சு, கழிச்சுக் கட்டுன கெழட்டுக் குதிரை. மோதிரத்துல வைக்கற பச்சைக் கல்லுக்கும் அதே எழுத்துதான், அது வேற சங்கதி. அந்தக் கெழட்டுக் குதிரையாட்ட ஆயிட்டேன்னு சொல்றதுதான் ஜேடட். இருபத்தாறு வயசு, ஏசி ரூமு, சுத்தற நாற்காலி, மத்தியானம் பிரியாணி. ஓஞ்சு போச்சாம்! என்ற மட்டக்குதிரை கேட்டிருந்தா ஒதைச்சிருக்கும்.

இங்கிலாந்துல ஆம்பளைங்க பொம்பளைங்களையும் ஜேடுன்னு வஞ்சிருக்காங்க. சின்னப் பொண்ணுகளைப் பில்லின்னு கிண்டல் பேசியிருக்காங்க, வயசானவங்களை மேருன்னு ஏசியிருக்காங்க. "அதையெல்லாம் எங்கியாவது ஸ்டைலுன்னு எழுதித் தொலைச்சிராத. கட்டிக்கப் போற புள்ளைகிட்டச் சொல்லவே சொல்லாத." இங்கிலீசுல நாக்ன்னாலும் கெழட்டுக் குதிரைதான். ஆனா ஓயாமத் தொணதொணக்கறதுக்குச் சொல்றாங்களே நாகிங், அதுக்கும் குதிரைக்கும் சம்பந்தமே இல்ல. கடல் தாண்டி வடக்க இருந்து வந்த வேற சொல்லு. "தொணதொணப்புல குதிரையை ஏண்டா இழுக்கறீங்க?"ன்னு நான் கேட்டது சமையக்கட்டு வரைக்கும் கேட்டுருச்சு. "அங்க என்ன என்ற பேச்சு அடிபடுது?"ன்னு கெழவி கொரல் குடுத்தா.

நைட்மேருக்கும் அதே கதைதான். அதுல இருக்கற மேரு பொட்டைக் குதிரை இல்ல. தூக்கத்துல நெஞ்சு மேல ஏறி உக்காந்து அமுக்கற பேய்க்குப் பழைய இங்கிலீசுல அந்தப் பேரு. நம்மூர்ல அமுக்குவான் பேய்னு சொல்லுவாங்களே, அதேதான். பேயும் குதிரையும் சத்தத்துல ஒண்ணாப் போயி, படம் போடறவன் கட்டில் பக்கத்துல குதிரை வரைஞ்சு வச்சிருக்கான்.

மார்ஷல்ங்கற பட்டத்துல மட்டும் நெசமாவே குதிரை இருக்குது. குதிரைக்குப் பழைய செர்மன் சொல்லு மராஹ். அது கூட வேலைக்காரன்னு ஒரு சொல்லைச் சேத்தா மார்ஷல். அப்படின்னா என்ன? குதிரைக்காரன். லத்தி அள்ளறவன். ராசாவோட குதிரையைப் பாத்துக்கிட்டவன் மெல்ல மெல்லப் பட்டாளத்தையே பாத்துக்கிட்டான். குன்னூர்ப் பக்கத்துல குடியிருந்தாரே மானெக்‌ஷா, அவருக்கு 1973-ல ஃபீல்டு மார்ஷல் பட்டம் குடுத்தாங்க. பெரிய மனுசன். பட்டத்தோட பூர்வீகத்தைத் தோண்டுனா, அவரு ஃபீல்டுல சைஸ், நான் ஊட்டியில சைஸ். கான்ஸ்டபிளும் இந்தக் கூட்டம்தான். ஸ்டேபிள்னா லாயம், லாயத்து அதிகாரிங்கற லத்தீன் பேரு தேஞ்சு தேஞ்சு இப்ப நம்ம ஸ்டேசன் வாசல்ல நிக்குது.

பயோடேட்டாவுல ஹாபி, ரீடிங்னு எழுதியிருந்தான் பையன். அதையும் வுடல. ஹாபின்னா மொதல்ல ஒரு சின்னச் சாதிக் குதிரை. அப்பறம் இடுப்புல கட்டிக்கிட்டு ஆடற வேசக் குதிரை. தஞ்சாவூர்ப் பக்கம் பொய்க்கால் குதிரை ஆடுவாங்களே, அதுக்கு ஒன்னு வுட்ட பங்காளி. இங்கிலாந்துல கார்ன்வால்னு தென்மேக்குக் கோடி, அங்க பேட்ஸ்டோங்கற மீன்பிடித் துறையில வருசாவருசம் மே 1 அன்னிக்கு அதை ஆடுவாங்க. பெரிய வட்டச் சட்டத்து மேல கருப்புத் துணி, நடுவுல பயங்கரமான முகமூடி, முன்னால ஒருத்தன் தடியை ஆட்டிக்கிட்டே உசுப்பி வுடுவான், மேளம் கொட்டும். ஆப்பி ஆஸ்னு அதுக்குப் பேரு. ஹாபி ஹார்ஸ் அந்தூர்க்காரன் வாயில அப்படி ஆயிருச்சு. பின்னால குச்சியில குதிரைத் தலையைச் செருகிப் பிள்ளைகளுக்குக் குடுத்தாங்க. நாள் முச்சூடும் ஏறிச் சவாரி பண்ணலாம், ஒரு ஊரும் போய்ச் சேராது. அதனாலதான் பொழுதுபோக்குக்கு ஹாபின்னு பேரு நின்னுச்சு. "நீ எழுதுனது சரிதான் கண்ணு. ரீடிங் உனக்குக் குச்சிக் குதிரைதான். மூணு வருசமா அலமாரியில ஒரே புஸ்தகம் நிக்குது."

பேப்பர்ல 'கறுப்புக் குதிரை'ன்னு எழுதறதைப் பாத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துரும். டார்க் ஹார்ஸ்க்கு நெறமே இல்ல. யாருக்கும் சங்கதி தெரியாத குதிரை, அம்புட்டுத்தான். பின்னால இங்கிலாந்துப் பிரதமர் ஆன டிஸ்ரேலி 1831-ல எழுதுன 'தி யங் டியூக்' நாவல்ல, யாரும் கண்டுக்காத குதிரை ஒண்ணு ரேஸ்ல முந்திக்கிட்டுப் போகும். அங்க வருது அந்தச் சொல்லு. அது வெள்ளையாக் கூட இருக்கலாம். மன்னிக்கணும், கிரேயா.

அதை வுட ஸ்டாக்கிங் ஹார்ஸ் நல்ல கதை. வேட்டைக்காரன் ஒரு குதிரையை மெல்ல மேய வுட்டு, அது வகுத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டே பறவைகிட்டப் போவான். பறவை குதிரையைப் பாத்துப் பயப்படாது. அரசியல்லயும் பெரிய ஆளு பின்னால பதுங்கிக்கிட்டு, முன்னால ஒரு சின்ன ஆளை மேய வுடுவான். 1989-ல மார்கரெட் தாட்சர் அம்மாவை எதிர்த்து அவங்க கட்சிக்குள்ளயே ஆந்தனி மேயர்னு ஒருத்தர் நின்னாரு. 314-க்கு 33 ஓட்டு. பாவம், அவரைக் குதிரைன்னு கூடச் சொல்லல, ஸ்டாக்கிங் டாங்கின்னு சொல்லிட்டாங்க. கழுதை! ஆனா அடுத்த வருசமே அந்தம்மா நாற்காலியை விட்டு எறங்குனாங்க.

நான் இப்படிக் கடிவாளம் இல்லாம ஓடிக்கிட்டு இருக்கறப்பத்தான் பேத்தி வாயைத் தொறந்தா. ஈரோட்டுல தமிழ் எம்.ஏ. படிக்கறவ. "அப்பாரு, இங்கிலீசுக்காரனை இத்தனை நக்கல் அடிக்கறீங்களே, நம்மாளு ஆண் குதிரைக்கு என்ன பேரு வச்சிருக்கறான் தெரியுங்களா?"

"என்ன பேரு? ஆண் குதிரைதான்."

"சேவல்."

எனக்கு வெத்தலை தொண்டையில சிக்கிக்கிச்சு.

"தொல்காப்பியத்துல மரபியல்னு ஒரு பகுதி. ஆண் குதிரையைச் சேவல்னு சொல்றது வழக்கம்தான், தள்ளக்கூடாதுன்னு இருக்குது. குட்டிக்குக் கன்று. பொண்ணுக்குப் பெட்டை." அதோட நிறுத்துனாளா? வீணையில தந்தியைத் தாங்கற கட்டைக்குக் குதிரைன்னு பேரு, துப்பாக்கியில விரல் வைக்கற எடத்துக்குக் குதிரைன்னு பேரு, நீங்க நேத்து உப்புமா தின்ன குதிரைவாலியில எந்தக் குதிரையோட வாலு இருந்துச்சுன்னு அடுக்கறா. பேரன் மூஞ்சியில இப்பத்தான் வெளிச்சம் வருது.

நான் கம்முனு இருந்தேன். கோழிக்குச் சொல்றதைக் கொண்டுபோய்க் குதிரைக்கு வச்சிருக்கறானே, என்ன லட்சணத்துலன்னு ரோசனை பண்ணுனேன். அப்பத்தான் அந்தக் கிரே ஞாபகம் வந்துச்சு. விடியறதுக்கு முன்னால லாயத்துக் கதவுக்கு மேல தலையை நீட்டும். பிடரி சிலுத்துக்கிட்டு நிக்கும். கழுத்தை வளைச்சு நெஞ்சை நிமித்தி ஒரு கனைப்புக் கனைச்சா, பூரா லாயமும் முழிச்சுக்கும். ஜி.ஆர்.எச்.ன்னு ரேஸ் புக்குல போட்டது போட்டதுதான். ஆனாச் சேவல்ன்னு சொன்னவன் அதை நேர்ல பாத்திருக்கறான்.

இதை வெளியில சொல்ல முடியுமா? "நான் அப்பவே நெனைச்சேன்"ன்னு பேத்திகிட்டச் சொல்லி வச்சேன்.

உள்ள இருந்து கெழவி, "கொள்ளுப் பருப்புக் கடைஞ்சு வச்சிருக்கறேன், வாங்க எல்லாரும்"ன்னா. நான் எந்திரிச்சேன். கொள்ளுன்னா வாயைத் தொறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்னு மொனகிக்கிட்டே போனா பேத்தி. கொள்ளுக்கு அவங்க வச்ச பேரும் ஹார்ஸ் கிராம்தான்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள பேரன் பின்பக்கம் சாளையில இருந்து கத்தறான்.

"அப்பாரு! சார்ஜரு உங்க கட்டிலுக்குப் பக்கத்துல சொருகியிருக்குது! உங்க போனுல மாட்டியிருக்குது!"

"நான் மொதல்லயே சொன்னனே கண்ணு, லாயத்துல பாருன்னு."